ஆர்.வி.க்குப் புரொபேன் ரெகுலேட்டர்: எதை வாங்கலாம், எதை விடலாம்

தங்கிச் சமைக்கும் வசதியுள்ள வண்டிதான் ஆர்.வி.; அதில் காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வகை டிராவல் டிரெய்லர். அதன் முன்மூக்கில் இரண்டு புரொபேன் சிலிண்டர்கள். அவற்றுக்கு நடுவே, பிளாஸ்டிக் மூடிக்குள், வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரெகுலேட்டர். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓடும் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றின் அமைப்பு இதுதான். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது வண்டியைச் சூடாக்கும் ஃபர்னஸ் பற்றினால் அடுப்பின் சுடர் சுருங்குகிறது, அல்லது ஃபர்னஸ் பற்றிய அரை நிமிடத்தில் அணைந்துவிடுகிறது என்றால் சந்தேகம் முதலில் ரெகுலேட்டர் மேல்தான் விழும். மாற்றலாம் என்று கடைக்குப் போனால் ஒற்றை நிலை, இரட்டை நிலை, கையால் மாற்றுவது, தானாக மாறுவது என்று வரிசையாகத் தொங்கும். விலை வித்தியாசம் சில பத்து டாலர்கள். ஆனால் தவறானதை மாட்டினால் கெடுவது ஃபர்னஸின் வால்வும் வாயுவில் ஓடும் ஃபிரிட்ஜின் பர்னரும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டு சிலிண்டர் உள்ள டிரெய்லருக்கு, ஒன்று தீர்ந்தால் மற்றதற்குத் தானாக மாறும் இரட்டை நிலைத் தானியங்கி மாற்றி ரெகுலேட்டர்தான் சரி. ஒரே டேங்க் உள்ள, தானே ஓடும் ஆர்.வி.யான மோட்டார்ஹோமுக்குக் கச்சிதமான இரட்டை நிலை ரெகுலேட்டர் போதும். ஒற்றை நிலை ரெகுலேட்டரை ஆர்.வி.க்குள் போகும் குழாயில் மாட்டவே வேண்டாம். ஏன் என்பதைத்தான் கீழே விரிவாகப் பார்க்கிறோம்; காரணம் தெரிந்தால்தான் விதிவிலக்கு எங்கே என்பதும் தெரியும்.

நம் சமையலறை ரெகுலேட்டர் எங்கே வேறுபடுகிறது

இந்திய வீடுகளில் 14.2 கிலோ சிலிண்டரின் தலையில் சொடுக்கென்று உட்காரும் ரெகுலேட்டரும் ஆர்.வி. ரெகுலேட்டரும் கடைசியில் தரும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். நம் வீட்டு அடுப்புக்கு வருவது சுமார் 30 மில்லிபார். ஆர்.வி. சாதனங்களுக்கு 11 அங்குல நீர், அதாவது 27 மில்லிபார் சொச்சம். "அங்குல நீர்" என்பது U வடிவக் குழாயில் நீரை எவ்வளவு உயரத்துக்குத் தள்ளுகிறது என்ற அளவு. 27.7 அங்குல நீர் சேர்ந்தால்தான் ஒரு பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம். ஆகவே அடுப்புக்கு வருவது அரை பி.எஸ்.ஐ.கூட இல்லை, சுமார் 0.4.

வித்தியாசம் உள்ளே வரும் அழுத்தத்தில் இருக்கிறது. நம் வீட்டு சிலிண்டரில் பியூட்டேனும் புரொபேனும் கலந்திருக்கும். அந்த சிலிண்டர் வருடம் முழுவதும் சமையலறையின் மூலையில், பெரிதாக மாறாத வெப்பநிலையில் நிற்கிறது. ஆர்.வி. சிலிண்டரில் இருப்பது புரொபேன், நிற்பது வெட்டவெளியில். புரொபேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி செல்சியஸ். 20 டிகிரியில் சிலிண்டருக்குள் சுமார் 107 பி.எஸ்.ஐ. அழுத்தம். ஃபீனிக்ஸ் நகரத்துக் கோடையில் 40 டிகிரியைத் தொட்டால் 180-ஐத் தாண்டும். 0 டிகிரியில் 54, மைனஸ் 20-இல் 20 சொச்சம். வினிப்பெக் குளிரில் மைனஸ் 30-க்கு இறங்கினால் 10-க்கும் கீழே. சிலிண்டரில் எவ்வளவு திரவம் மிச்சம் என்பதற்கும் இந்த அழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. ஒரு லிட்டர் திரவம் இருந்தாலும், முழு சிலிண்டராக இருந்தாலும், வெப்பநிலை ஒன்றாக இருக்கும்வரை அழுத்தமும் ஒன்றுதான். சிலிண்டரில் பிரஷர் கேஜ் மாட்டி "இன்னும் பாதி இருக்கிறது" என்று நம்புவது இதனால்தான் பொய்த்துப்போகிறது.

ஆக, 180 வந்தாலும் 10 வந்தாலும் வெளியே 0.4 மட்டும் போக வேண்டும். இதுதான் ரெகுலேட்டரின் வேலை. உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம். அதன் ஒரு பக்கம் ஸ்பிரிங்கும் வெளிக்காற்றும். மறுபக்கம் வண்டிக்குள் போகும் வாயு. டயாஃப்ரமோடு ஒரு நெம்புகோல், நெம்புகோலின் நுனியில் சின்ன அடைப்பு, அந்த அடைப்பு வந்து உட்கார ஒரு துளை. பர்னரைத் திறந்தால் குழாயில் அழுத்தம் இறங்கும்; ஸ்பிரிங் டயாஃப்ரமைத் தள்ளும்; துளை திறக்கும். பர்னரை மூடினால் அழுத்தம் ஏறி டயாஃப்ரம் பின்வாங்கி, அடைப்பு துளையில் இறுகி உட்காரும். எல்லாம் மூடியிருக்கும்போது வாயு முழுவதுமாக நின்றுபோக வேண்டும். அப்போது இருக்கும் அழுத்தத்தை லாக்-அப் என்பார்கள். அது 11-ஐ விடச் சற்று மேலே இருக்கலாம். 14 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஆர்.வி. சாதனங்களின் வால்வுகள் பெரும்பாலும் அரை பி.எஸ்.ஐ. வரை, அதாவது ஏறக்குறைய இந்த 14 அங்குலம் வரைதான் தாங்கும்படி செய்யப்பட்டவை.

ஒற்றை நிலையா, இரட்டை நிலையா

ஒற்றை நிலை ரெகுலேட்டர் 107-ஐ ஒரே தாவலில் 0.4-க்கு இறக்குகிறது. வெயிலில் காய்ந்த சிலிண்டரிலிருந்து 180 வந்தால் அடைப்பின் மேல் விசை மாறுகிறது; வெளியே போகும் அழுத்தமும் அதோடு கொஞ்சம் ஆடுகிறது. பின்வாசலில் பார்பிக்யூ அடுப்புக்கு இது பெரிய விஷயமில்லை. சுடர் கொஞ்சம் உயர்ந்தால் திருகைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் மணிக்கு 1,500 பி.டி.யு. (வெப்பத்தின் அளவு) அளவில் நூலிழைபோல எரியும் ஃபிரிட்ஜ் பர்னருக்கு அந்த ஆட்டம் ஆகாது. ஒரு பக்கம் புகைக்கரி படியும். மறுபக்கம் சுடர் அணையும்.

இரட்டை நிலை ரெகுலேட்டரில் ஒரே உடலுக்குள் இரண்டு டயாஃப்ரங்கள். முதல் நிலை, சிலிண்டர் அழுத்தத்தைச் சுமார் 10 பி.எஸ்.ஐ.க்குக் கொண்டுவருகிறது. இரண்டாம் நிலைக்கு வெளியே கோடையா குளிரா என்பது தெரியாது. கடுங்குளிர் தவிர மற்ற நேரமெல்லாம் அதற்கு வருவது அந்த 10 மட்டுமே. அதை நிதானமாக 11 அங்குலத்துக்கு இறக்குகிறது. அமெரிக்காவில் ஆர்.வி.களுக்கான தீப்பாதுகாப்பு விதியான என்.எஃப்.பி.ஏ. 1192 இரட்டை நிலையைத்தான் கேட்கிறது.

குளிர்காலத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. வாயு துளை வழியே விரியும்போது குளிர்கிறது. புரொபேனில் சிறிது நீராவி கலந்திருந்தால் அந்தத் துளையிலேயே பனிக்கட்டி கட்டும். துளை அடைபட்டால் வாயு நிற்கும். அடைப்பு திறந்த நிலையில் உறைந்தால் அழுத்தம் ஏறும். இறக்கத்தை இரண்டு படிகளாகப் பிரிக்கும்போது இந்தத் தொல்லை குறைகிறது. முற்றிலும் போய்விடாது, ஏனென்றால் மூலக்காரணம் சிலிண்டருக்குள் இருக்கும் ஈரம். புதுச் சிலிண்டரை முதல் முறை நிரப்பும் முன் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும்: புரொபேன் ஆவியைச் சுமார் 15 பி.எஸ்.ஐ. வரை ஏற்றி, பாதுகாப்பான இடத்தில் வெளியே விட்டு, இப்படி ஐந்து தடவை. நிரப்புமிடத்தில் "இது புதுசு, பர்ஜ் செய்யவில்லை" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ரெகுலேட்டரின் தலைவிதி பல சமயம் இந்த ஒரு வாக்கியத்தில் தீர்மானமாகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடையில் சிவப்பு நிறத்தில், மேலே திருகு வைத்து, "0 முதல் 30 பி.எஸ்.ஐ." என்று எழுதிய ரெகுலேட்டரும் அதே ஆணியில் தொங்கும். வான்கோழி பொரிக்கும் பெரிய பர்னர்களுக்கானது அது. ஆர்.வி. குழாயில் மாட்டினால் 0.5 தாங்கும் வால்வுகளுக்கு 10, 20 என்று அழுத்தம் போகும். மரை பொருந்துகிறதே என்று அதை வாங்கக் கூடாது.

கையால் மாற்றுவதா, தானாக மாறுவதா

உண்மையான தேர்வு இங்கேதான் இருக்கிறது, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

கையால் மாற்றும் அமைப்பில் ஒரு சமயம் ஒரு சிலிண்டர்தான் திறந்திருக்கும். அது தீர்ந்தால் எல்லாம் அணையும். வெளியே போய், காலியை மூடி, அடுத்ததைத் திறந்து, உள்ளே வந்து ஃபிரிட்ஜையும் வாட்டர் ஹீட்டரையும் மறுபடி பற்றவைக்க வேண்டும். ஒன்று காலியானது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும். அதுதான் இதன் பலம். பலவீனம், அது தீரும் நேரம். ஃபர்னஸ்தான் வாயுவைக் குடிப்பது. ஃபர்னஸ் அதிகம் ஓடுவது விடியற்காலை மூன்று மணிக்கு. வாயு வராவிட்டால் ஃபர்னஸின் மின்னணுப் பலகை வழக்கமாக மூன்று தடவை பொறி விட்டுப் பார்த்துப் பூட்டிக்கொள்ளும். காலையில் எழும்போது தண்ணீர்க் குழாய் உறைந்திருக்கலாம்.

ஒரு சிலிண்டர் எத்தனை இரவு வரும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பவுண்டு புரொபேனில் சுமார் 21,500 பி.டி.யு. 20 பவுண்டு சிலிண்டரில் 4,30,000. மணிக்கு 30,000 பி.டி.யு. ஃபர்னஸ், குளிர் இரவில் பத்து மணி நேரத்தில் பாதி நேரம் எரிந்தால் 1,50,000 போகும். மூன்று இரவுகூட முழுதாக வராது. அக்டோபரில் யெல்லோஸ்டோன் பக்கம் தங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். ஜூலை மாதம் சமையலுக்கு மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு அதே சிலிண்டர் பல வாரம் வரும். அவர்களுக்குக் கையால் மாற்றுவதில் எந்தக் குறையும் தெரியாது.

தானியங்கி மாற்றியில் இரண்டு உள்வழிகள், நடுவில் ஒரு நெம்புகோல், ஒரு சின்ன கண்ணாடிச் சாளரம். நெம்புகோல் எந்த சிலிண்டரைக் காட்டுகிறதோ அது முதன்மை. இரண்டு வால்வுகளும் திறந்திருக்கும். முதன்மைப் பக்கத்தின் முதல் நிலை சற்று உயர்ந்த அழுத்தத்தில் வேலை செய்யும்படி நெம்புகோல் ஸ்பிரிங்கை அழுத்தி வைக்கிறது. அதனால் மறுபக்கம் மூடியே கிடக்கிறது. முதன்மை சிலிண்டரால் அந்த அழுத்தத்தைக் காக்க முடியாமல் போனதும் மறுபக்கம் திறந்து வாயு தருகிறது. சுடர் அணையாது. சாளரம் பச்சையிலிருந்து சிவப்பாகும். நெம்புகோலை மறுபக்கம் திருப்பினால் பச்சை திரும்பும். காலி சிலிண்டரை மூடிக் கழற்றி நிரப்ப எடுத்துப்போகலாம், உள்ளே அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். கழற்றிய பக்கத்தில் வாயு வெளியேறாமல் உள்ளிருக்கும் செக் வால்வு என்ற ஒருவழி வால்வு தடுக்கிறது. ஆனாலும் அந்த ஹோஸை மணிக்கணக்காகத் திறந்து விட்டுவைக்காதீர்கள். தூசியும் பூச்சியும் போக அந்த ஓட்டை போதும்.

இதில் கெட்டுப்போவது பொதுவாக எந்திரமல்ல, பழக்கம். சாளரத்தைப் பார்க்க யாரும் வெளியே போவதில்லை. முதல் சிலிண்டர் தீர்ந்தது தெரியாமலே இரண்டாவதும் தீர்ந்து, கடைசியில் கையால் மாற்றும் அமைப்பைவிட மோசமான நிலை: இரண்டும் காலி. இன்னொரு தவறு, நெம்புகோலை நடுவில் நிறுத்துவது. இரண்டிலிருந்தும் இழுத்து இரண்டும் ஒன்றாகத் தீரும். குழாயில் எங்காவது மெல்லிய கசிவு இருந்தாலும், திறந்திருக்கும் இரண்டு சிலிண்டர்களின் வாயுவும் சேர்ந்தே வெளியே போகும்.

இதற்குத் தீர்வு எளிது, நாங்கள் அழுத்திச் சொல்வதும் இதைத்தான்: தானியங்கி மாற்றியை வாங்குங்கள், இதமான பருவத்தில் அதைக் கையால் மாற்றுவதைப் போலப் பயன்படுத்துங்கள். இருப்பு சிலிண்டரின் வால்வை மூடியே வையுங்கள். முதலாவது தீர்ந்தால் சமையல் பாதியில் நிற்கும், அவ்வளவுதான். வால்வைத் திறந்து நெம்புகோலைத் திருப்பினால் வேலை முடிந்தது. இரவு உறைநிலைக்கு இறங்கும் என்று தெரிந்தால் மட்டும், தூங்கப்போகும் முன் இரண்டையும் திறந்து வையுங்கள். இந்த ஒரு வசதி கையால் மாற்றும் ரெகுலேட்டரில் கிடையாது. சில பத்து டாலர் கூடுதலாகக் கொடுப்பது அதற்காகத்தான்.

குளிரில் சிவப்பைப் பார்த்ததும் சிலிண்டர் காலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். அது சிலிண்டரின் சுவர் வழியேதான் வருகிறது. திரவம் குறைந்து, வெளியே கடுங்குளிராக இருந்து, ஃபர்னஸும் ஓடினால் ஆவியாகும் வேகம் போதாமல் அழுத்தம் விழும், மாற்றி மறுபக்கத்தைத் திறக்கும், சிவப்பு தெரியும். உள்ளே நாலைந்து பவுண்டு இருக்கும். சிலிண்டரின் வெளிப்பக்கம் மேலிருந்து கீழாக வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றித் தடவிப் பாருங்கள். திரவம் இருக்கும் மட்டத்துக்குக் கீழே சில்லென்று இருக்கும். இல்லையென்றால் எடை போடுங்கள். கழுத்தில் டி.டபிள்யு. என்று பொறித்திருப்பது காலி எடை, மிச்சம் வாயு. இந்தத் தொல்லைக்கு மருந்து விலை கூடிய ரெகுலேட்டர் அல்ல, பெரிய சிலிண்டர். 20 பவுண்டுக்குப் பதில் 30 பவுண்டு வைத்தால் சுவர்ப்பரப்பு கூடும், ஆவியாதலும் கூடும்.

பி.டி.யு. கணக்கு

ரெகுலேட்டரின் லேபிளில் மணிக்கு எத்தனை பி.டி.யு. என்று இருக்கும். சிறிய இரட்டை நிலைகளில் 1,60,000 என்றும், தானியங்கி மாற்றிகளில் 2,00,000-க்கு மேலும் பரவலாகக் காணலாம். உங்கள் சாதனங்கள் ஒவ்வொன்றின் தகட்டிலும் உள்ள எண்ணைக் கூட்டுங்கள். வழக்கமான டிரெய்லர் ஒன்றில் ஃபர்னஸ் 30,000, தொட்டி வாட்டர் ஹீட்டர் 12,000, மூன்று பர்னர் அடுப்பு 22,000, ஓவன் 7,000, ஃபிரிட்ஜ் 1,500. மொத்தம் 72,500. எந்த ரெகுலேட்டரும் தாங்கும்.

சிக்கல் வருவது, தொட்டியில்லாமல் ஓடும் நீரையே சூடாக்கும் டேங்க்லெஸ் வாட்டர் ஹீட்டர் வைக்கும்போது. அதுவே 60,000 வரை கேட்கும். மேலே உள்ள கணக்கில் 12,000-ஐ எடுத்துவிட்டு 60,000 போட்டால் 1,20,500. வெளியில் 12,000 பி.டி.யு. கிரில்லையும் சேர்த்தால் 1,32,500. 1,60,000 தாங்கும் ரெகுலேட்டர் எண்ணளவில் போதும். ஆனால் லேபிள் எண் நல்ல உள்வரும் அழுத்தத்தில் அளந்தது, குளிரில் அது குறையும். கூட்டுத்தொகையோடு கால் பங்கு சேர்த்து, அதற்கு மேலிருப்பதை வாங்குவது நல்ல வழக்கம். அளவுக்கு மேல் பெரிதாக இருந்தால் கெடுதல் ஒன்றும் இல்லை; தேவையானதைத்தான் அது விடும்.

டென்வர் போன்ற உயரமான ஊர்களில் சுடர் மஞ்சளாகிறது என்று சிலர் ரெகுலேட்டர் திருகைத் திருப்புகிறார்கள். அது தவறு. அங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவு. அதற்கு ஏற்பாடு சாதனத்தின் ஜெட் (பர்னருக்கு வாயு விடும் நுண்துளை) அளவில்தான், அழுத்தத்தில் அல்ல. உயரத்திலும் 11 அங்குலம் 11 அங்குலமாகவே இருக்கட்டும்.

ஹோஸும் நட்டும்

ரெகுலேட்டரை மாற்றுகிறவர்கள் சிலிண்டரிலிருந்து வரும் இரண்டு ஹோஸ்களையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். ரெகுலேட்டர்களைக் கொல்வதில் பெரும்பங்கு பழைய ரப்பர் ஹோஸுக்கு உண்டு. புரொபேன் ரப்பரில் உள்ள எண்ணெய்ப் பொருளைக் கரைத்து இழுக்கிறது. அது மஞ்சள் பிசினாக ரெகுலேட்டருக்குள் படிகிறது. அடைப்பு சரியாக உட்காராமல் லாக்-அப் அழுத்தம் ஏறுகிறது. கழற்றிய ரெகுலேட்டரைக் கவிழ்த்தால் எண்ணெய் சொட்டினால் காரணம் இதுதான். எஃகுப் பின்னலிட்ட ஹோஸ்களில் உள்குழாய் வேறு பொருள். இந்தக் கசிவு குறைவு. எதை வாங்கினாலும் ரெகுலேட்டர் சிலிண்டர் வால்வைவிட உயரத்தில் இருக்க வேண்டும், ஹோஸ் சிலிண்டரை நோக்கிச் சரிய வேண்டும். அப்போது குளிர்ந்து திரவமாகும் துளிகள் சிலிண்டருக்கே திரும்பும்.

சிலிண்டர் முனையில் கையால் முடுக்கும் பெரிய பிளாஸ்டிக் நட்டு இருக்கும், இதை கியூ.சி.சி. 1 என்பார்கள். வலது மரை, ஸ்பேனர் தேவையில்லை. தீப்பிடித்தால் பிளாஸ்டிக் உருகி, வால்வு தானாக மூடிக்கொள்ளும். பழைய பி.ஓ.எல். இணைப்பு இடது மரை, ஸ்பேனர் வேண்டும். நட்டின் நிறம் அலங்காரத்துக்கு அல்ல. உள்ளே இருக்கும் மிகைஓட்டத் தடுப்பின் அளவை அது சொல்கிறது. கருப்பைவிடப் பச்சை அதிகம் விடும். டேங்க்லெஸ் ஹீட்டர் உள்ள வண்டிக்குப் பச்சை நட்டுள்ள ஹோஸாகப் பார்த்து, உறையில் அச்சிட்ட பி.டி.யு. எண்ணையும் சரிபார்த்து வாங்குங்கள்.

அந்தத் தடுப்புதான் பலரை ஏமாற்றுகிறது. சிலிண்டர் வால்வைச் சட்டென்று திறந்தால், காலியாகக் கிடக்கும் குழாயை நிரப்ப வாயு பாயும். ஹோஸ் அறுந்துவிட்டது என்று எண்ணித் தடுப்பு மூடிக்கொள்ளும். சொட்டுச் சொட்டாக மட்டும் வாயு வரும். அடுப்பு மினுக் மினுக்கென்று எரியும், ஃபர்னஸ் பற்றாது. நல்ல ரெகுலேட்டரைத் தூக்கி எறியும் முன் எல்லாச் சாதனங்களையும் அணைத்து, சிலிண்டரை மூடி, சில நிமிடம் பொறுத்து, வால்வை மெதுவாகத் திறந்து பாருங்கள். நேராகிவிட்டால் செலவு மிச்சம்.

குற்றவாளி ரெகுலேட்டர்தானா?

மனோமீட்டர் என்ற அழுத்தமானி இல்லாமல் இதற்குப் பதில் இல்லை. அங்குல நீரில் காட்டும் எதுவும் போதும். U குழாயில் தண்ணீர் ஊற்றிச் செய்ததுகூடத் துல்லியமானதே. சிலிண்டரை மூடிவிட்டு, ரெகுலேட்டரின் வெளிவாயில் உள்ள சோதனைத் திருகைக் கழற்றியோ அல்லது அடுப்பின் ஒரு பர்னர் ஜெட்டிலோ அதை இணைக்கிறார்கள்.

முதலில் ஓட்டத்தில் அளக்க வேண்டும். மொத்தச் சாதனங்களில் ஏறக்குறைய பாதிச் சுமை ஓடும்படி ஃபர்னஸையும் ஒரு பர்னரையும் எரியவிடுங்கள். 11 அங்குலம் காட்ட வேண்டும். கொஞ்சம் விலகியிருந்தால் இரண்டாம் நிலையின் மூடியைக் கழற்றி உள்ளிருக்கும் திருகால் சரிசெய்யலாம். வலஞ்சுழியாகத் திருப்பினால் ஏறும். எல்லாவற்றையும் ஓடவிட்டதும் அழுத்தம் சரிந்து விழுந்தால் ரெகுலேட்டரோ ஹோஸோ அடைபட்டிருக்கிறது.

அடுத்து எல்லாவற்றையும் அணையுங்கள். முள் கொஞ்சம் ஏறி நிற்க வேண்டும். 14-க்குக் கீழே நின்றால் நலம். நிற்காமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் அடைப்பு தேய்ந்துவிட்டது அல்லது அழுக்கு அமர்ந்துவிட்டது. இதைத் திருகால் சரிசெய்ய முடியாது. அந்த ரெகுலேட்டரை அன்றைக்கே மாற்ற வேண்டும். பிரித்துச் சுத்தம் செய்யும் வேலையும் வேண்டாம்.

மூன்றாவது கசிவுச் சோதனை. சிலிண்டரை மூடி, ஒரு பர்னரைக் கொஞ்சமாகத் திறந்து அழுத்தத்தை 8 அங்குலத்துக்கு இறக்கி, பர்னரை மூடி, மூன்று நிமிடம் பாருங்கள். இறங்கக் கூடாது. ஏன் 8? சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே உயர்ந்த அழுத்தத்தில் வாயு தேங்கியிருக்கும். முள் 11-இல் இருக்கும்போது சோதித்தால், கசிந்ததை அந்தத் தேக்கம் நிரப்பிவிடும், கசிவு தெரியாது. 8-க்கு இறங்கிவிட்டது என்றால் தேக்கம் தீர்ந்துவிட்டது என்று பொருள். இனி நகரும் முள் உண்மை பேசும்.

இந்தச் சோதனையைப் புது ரெகுலேட்டரைப் பொருத்திய பிறகும் செய்ய வேண்டும். பெட்டியிலிருந்து வந்தது சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

பொருத்தும்போது

உள்வழி பெரும்பாலும் கால் அங்குல இன்வெர்ட்டட் ஃபிளேர். உலோகம் உலோகத்தோடு அழுந்தி மூடும் இணைப்பு இது. டேப் சுற்றக் கூடாது, சுற்றினால்தான் கசியும். வெளிவழி பெரும்பாலும் 3/8 அங்குலக் குழாய் மரை. இதற்கு வாயுவுக்கான மஞ்சள் டேப்போ பசையோ வேண்டும். முதல் இரண்டு மரையை விட்டுச் சுற்றுங்கள், துணுக்கு உள்ளே போகாமல் இருக்க. முடுக்கும்போது ஒரு ஸ்பேனர் ரெகுலேட்டர் வாயைப் பிடிக்க, இன்னொன்று திருக வேண்டும். இல்லாவிட்டால் ரெகுலேட்டரின் உடல் விரிசல் விடும். இணைப்புகளுக்குச் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். அம்மோனியா கலந்த சுத்திகரிப்பான் வேண்டாம்; பித்தளையை அரிக்கும்.

இரண்டாம் நிலையின் உடலில் வலையிட்ட ஒரு மூச்சுத் துளை இருக்கும். அது நேர்கீழாகவோ, அதிலிருந்து 45 டிகிரிக்குள்ளோ பார்க்க வேண்டும். டயாஃப்ரம் மூச்சுவிடுவது இதன் வழியே. அழுத்தம் மீறினால் வாயு வெளியேறுவதும் இதன் வழியே. குளவி மண்கூடு கட்டினாலும், சாலைச் சேறு அப்பினாலும், பனி உறைந்தாலும் ரெகுலேட்டர் தன் அளவை இழக்கும். அந்தப் பிளாஸ்டிக் மூடி இதற்காகத்தான். உடைந்த மூடியோடு வண்டியை ஓட்டாதீர்கள்.

மோட்டார்ஹோம், கிரில், ஐரோப்பிய வண்டி

மோட்டார்ஹோமில் சட்டத்தோடு பிணைத்த ஒரே டேங்க். மாற்ற இரண்டாவது இல்லாததால் தானியங்கி மாற்றிக்கு வேலையில்லை. ஆனால் இடம் குறுகலானது. ரெகுலேட்டர் டேங்க் வால்விலேயே தொங்கும். ஒரே கொள்ளளவில் மூச்சுத் துளை வெவ்வேறு பக்கம் பார்க்கும்படி இரண்டு வடிவங்கள் விற்கிறார்கள். பழையதைக் கழற்றும் முன் படம் எடுத்து, பொருத்திய பிறகு துளை கீழே பார்க்கும் வடிவத்தையே வாங்குங்கள். நீண்ட நாள் ஓரிடத்தில் தங்குகிறவர்கள் டேங்குக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே T வடிவ டீ இணைப்பு வைத்து வெளிச் சிலிண்டரை இணைக்கலாம். வண்டியை நகர்த்தாமல் சிலிண்டரை மட்டும் நிரப்பிவரலாம்.

பக்கவாட்டில் உள்ள விரைவு இணைப்பில் கிரில் மாட்டுகிறவர்களுக்கு: அங்கே வருவது ஏற்கெனவே 11 அங்குலத்துக்கு இறங்கிய வாயு. கிரில்லுக்குச் சொந்த ரெகுலேட்டர் இருந்தால் இறங்கியதை அது மறுபடி இறக்கும். சுடர் உயிரில்லாமல் எரியும். குறைந்த அழுத்தத்துக்கென்று செய்த கிரில் வாங்குங்கள், அல்லது தயாரிப்பாளர் அனுமதித்தால் அதன் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு இணையுங்கள். ஒரு பவுண்டு சிலிண்டரில் ஓடும் சிறு கிரில்களுக்குச் சிலிண்டர் அழுத்தம் வேண்டும். அவற்றை ரெகுலேட்டருக்கு முன்னால் டீ வைத்துத்தான் இணைக்க முடியும்.

ஐரோப்பாவில் கேரவன் வைத்திருக்கும் தமிழர்கள் இந்த ரெகுலேட்டர்களை இணையத்தில் தருவிக்க வேண்டாம். அங்கே அமைப்பு 30 மில்லிபாருக்கானது, சிலிண்டர் இணைப்பும் நாட்டுக்கு நாடு வேறு. மோதலை உணர்ந்து வாயுவை நிறுத்தும் உணரியோடு கூடிய ரெகுலேட்டர்கள் அங்கே கிடைக்கின்றன, ஓடும்போதே ஹீட்டர் பயன்படுத்த அவை வழிசெய்கின்றன. வழக்கமான அமெரிக்க ரெகுலேட்டரில் அந்த உணரி கிடையாது. ஆகவே அமெரிக்க வண்டியில் புறப்படும் முன் இரண்டு சிலிண்டர் வால்வுகளையும் மூடிவிட்டுக் கிளம்புங்கள். ஃபிரிட்ஜின் கதவைத் திறக்காமல் இருந்தால் சில மணி நேரப் பயணத்துக்கு உள்ளிருக்கும் குளிர்ச்சியே போதும்.